எல்.பி. தட்டை கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஹம்: ஏர்த் பின்னை வெட்டலாமா?

கொழிஞ்சாம்பாறை_தட்டு:

வணக்கம்ங்க. பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலூக்கா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். 120 எல்.பி., 40 ஈ.பி. (சின்னத் தட்டு) இருக்குது. தமிழும் மலையாளமும் கலந்து. எல்லாத்தையும் கம்ப்யூட்டரில் ஏத்தி வைக்கணும். ஆனா ரெக்கார்டிங்கில் 'ம்ம்ம்'னு ஒரு ஹம் விடாமல் ஓடுது.

சாமான் இதுதான்: பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள், ரெண்டு பின் பிளக், எம்.எம். (நகரும் காந்த) டைப் காட்ரிட்ஜ், அதாவது முள்ளின் அசைவைக் கரண்டா மாத்தற துண்டு. காட்ரிட்ஜின் சின்ன சிக்னலைப் பெருக்கத் தனி போனோ ப்ரீஆம்ப், அதுக்கு கனமான டிரான்ஸ்பார்மர் டைப் 12 வோல்ட் அடாப்டர். அங்கிருந்து சத்தத்தை டிஜிட்டலா மாத்தற யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ், அதிலிருந்து லேப்டாப். லேப்டாப் சார்ஜர் மூணு பின், எதிர்ச் சுவர் பிளக்கில். கேக்கறதுக்காக இன்டர்ஃபேஸிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு ஒயர் போகுது. ஆம்ப்ளிஃபயரும் மூணு பின், டர்ன்டேபிள் இருக்கிற எக்ஸ்டென்ஷன் போர்டில். டி.டி.எச். பெட்டியும் அதே ஆம்ப்ளிஃபயரில்தான்.

பாட்டின் உச்சம் மைனஸ் 6 டெசிபெல் வர்ற மாதிரி கெயின் (ரெக்கார்டிங் அளவு) வெச்சிருக்கேன். 0-தான் உச்ச வரம்பு, மைனஸ் நம்பர் பெருசாக ஆக சத்தம் குறைவு. முள்ளைத் தூக்கி, மோட்டாரை நிறுத்தினாலும் ஹம் மைனஸ் 41-ல் நிக்குது. சார்ஜரைப் பிடுங்கினா மைனஸ் 55. வலது சேனலில் இடதை விட 6 டெசிபெல் கூட. டோன் ஆர்மை (முள்ளைத் தாங்கற கை) தொட்டா கொஞ்சம் குறையுது.

சார்ஜரின் ஏர்த் பின்னை வெட்டிடுன்னு இங்க ஒரு வயர்மேன் சொல்றார். வெட்டலாமுங்களா? இல்லை, எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ணிட்டு ஆடசிட்டி சாஃப்ட்வேரில் எடுத்துடலாமா?

---

களியக்காவிளை_ஓம்:

வெட்டாதீங்க. சாஃப்ட்வேரைக் கடைசியில் பார்க்கலாம். நீங்க தந்த நம்பர்களே பாதி பதிலைச் சொல்லுது: உங்களுக்கு இருக்கிறது ஒரு ஹம் இல்லை, மூணு. ஒண்ணு சார்ஜர் வழியா வருது, அதான் பிடுங்கினதும் 14 டெசிபெல் இறங்குது. இன்னொண்ணு வலது சேனலில் மட்டும். மூணாவது ஆர்மைத் தொட்டா குறையறது. மூணையும் ஒண்ணா நினைச்சுத் தேடினா எதுவும் அகப்படாது.

போனோவில் மட்டும் ஏன் இவ்வளவு தொல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டா தேடறது சுலபம். எம்.எம். காட்ரிட்ஜ் தர்றது 5 மில்லிவோல்ட் அளவு. ப்ரீஆம்ப் அதை 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல், அதாவது 100 மடங்கு பெருக்கும். ஆனா தட்டு வெட்டும்போதே பேஸைக் குறைச்சுத்தான் வெட்டியிருப்பாங்க. அதை நிமிர்த்த ப்ரீஆம்ப் 50 ஹெர்ட்ஸில் இன்னும் 17 டெசிபெல் ஏத்துது. ஆக நம்ம கரண்டின் அதே 50 ஹெர்ட்ஸுக்கு 57 டெசிபெல், சுமார் 700 மடங்கு. காட்ரிட்ஜ் பக்கம் ஒயரின் ஷீல்டு (மேலே சுத்தின உலோகப் பின்னல்) ரெசிஸ்டன்ஸ் 0.05 ஓம்னு வைங்க. அதில் 1 மில்லிஆம்ப் கசிவு ஓடினா 50 மைக்ரோவோல்ட். காட்ரிட்ஜின் 5 மில்லிவோல்ட்டுக்கு முன்னால் அது வெறும் 40 டெசிபெல் கீழே. அதே 50 மைக்ரோவோல்ட் ப்ரீஆம்புக்குப் பின்னால் நுழைஞ்சா காதுக்கே எட்டாது. எங்கே நுழையுதுங்கறதுதான் விஷயம்.

அதைக் கண்டுபிடிக்க ரெண்டு ஆர்.சி.ஏ. பிளக் (ஆடியோ ஒயர் நுனியில் வர்ற சிவப்பு, வெள்ளை டைப்) வாங்கி, நடுப் பின்னையும் வெளி வளையத்தையும் ஒரு துண்டு ஒயரால் சால்டர் பண்ணி வைங்க. இதுதான் ஷார்ட்டிங் பிளக், இருபது முப்பது ரூபாய் வேலை. இப்போ வால் பக்கமிருந்து ஆரம்பிங்க:

முதலில் ப்ரீஆம்பைக் கழட்டிட்டு இன்டர்ஃபேஸின் இன்புட்டில் ரெண்டு பிளக்கையும் செருகி 30 செகண்ட் ரெக்கார்ட் பண்ணுங்க. மைனஸ் 80-க்குக் கீழே இருந்தா அந்தப் பகுதி சுத்தம். அடுத்து ப்ரீஆம்பை இணைச்சு, ஷார்ட்டிங் பிளக்கை ப்ரீஆம்பின் இன்புட்டுக்கு மாத்துங்க. இங்கே ஹம் வந்தா குற்றவாளி அடாப்டர், இல்லேன்னா சார்ஜர் போடற லூப் (ஏர்த் ஒயர்கள் சேர்ந்து ஆகற வளையம்). கடைசியா டர்ன்டேபிளை இணைங்க. இப்போதான் வந்துச்சுன்னா ஆர்ம், காட்ரிட்ஜ், ஏர்த் ஒயர், இல்லேன்னா பக்கத்தில் இருக்கிற டிரான்ஸ்பார்மர். ஒவ்வொரு தடவையும் கெயின் குமிழைத் தொடக்கூடாது. தொட்டா நம்பரை ஒப்பிட முடியாது.

ரெக்கார்ட் பண்ணின துண்டைச் செலக்ட் பண்ணி ஆடசிட்டியின் அனலைஸ் மெனுவில் ப்ளாட் ஸ்பெக்ட்ரம் திறந்து, சைஸ் 65536 வைங்க. 44100 ரேட்டில் ஒரு கோட்டுக்கு முக்கால் ஹெர்ட்ஸுக்கும் குறைவான நுணுக்கம் கிடைக்கும். 50-ல் ஒரே கொம்பு நின்னா ஏர்த் விட்டுப்போயிருக்கு, இல்லேன்னா டிரான்ஸ்பார்மரின் காந்தம் புகுது. 100-ல் பெருசா நின்னா பவர் சப்ளையில் ஃபில்டர் கண்டென்சர் போச்சு. 50, 150, 250, 350-னு சீப்புப் பல் மாதிரி மேலே வரைக்கும் ஏறினா சார்ஜர் லூப், எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இதில் ஏதோ ஒண்ணு. காதுக்கும் வித்தியாசம் தெரியும்: முதல் ரெண்டும் 'ம்ம்ம்', மூணாவது 'ஸ்ர்ர்ர்'.

சார்ஜர் ஹம்முக்கு இப்பவே செய்யக்கூடியது: ரெக்கார்டிங் நேரத்தில் ஆம்ப்ளிஃபயர் ஒயரைக் கழட்டிடுங்க, இன்டர்ஃபேஸில் ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க. சார்ஜரின் ஏர்த் ஒரு சுவரில், ஆம்ப்ளிஃபயரின் ஏர்த் இன்னொரு சுவரில். நடுவில் யூ.எஸ்.பி. ஒயரும் ஆர்.சி.ஏ. ஷீல்டும் சேர்ந்து ஒரு பெரிய வளையம். போதாக்குறைக்கு டி.டி.எச். டிஷ்ஷின் கோஆக்ஸ் ஒயர் மொட்டைமாடியிலிருந்து தனியா ஒரு ஏர்த்தைக் கொண்டு வந்து அதில் கோர்க்குது.

---

நகரி_சால்டர்:

முதலில் 'சித்தூர்'னு பார்த்ததும் நம்ம ஊர்ப் பக்கத்து ஆளாக்கும்னு நினைச்சேன் தம்பி. ரெண்டு சித்தூர், ரெண்டு ஸ்டேட்டு (உங்களது கேரளா, எங்களது ஆந்திரா), ரெண்டிலும் தமிழ். போகட்டும்.

ஓம் அண்ணன் சொன்னதோட வலது சேனலை மட்டும் நான் எடுத்துக்கறேன். ப்ரீஆம்பின் பின்பக்கம் சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. ரெண்டையும் இடம் மாத்திச் செருகுங்க. ஹம் இடது பக்கம் தாவினா கோளாறு டர்ன்டேபிள் பக்கம். வலதிலேயே நின்னா ப்ரீஆம்ப் அல்லது அதுக்குப் பின்னால்.

தாவும்னுதான் எனக்குத் தோணுது. அப்படின்னா ஆர்ம் நுனியில் காட்ரிட்ஜைத் தாங்கற ஹெட்ஷெல்லைக் கழட்டிப் பாருங்க. காட்ரிட்ஜ் பின்னால் நாலு மெல்லிய ஒயர்: வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். வலதில் மட்டும் ஹம்னா பச்சை ஒயரின் கிளிப் தளர்ந்திருக்கும், இல்லேன்னா அதுக்குள்ளே பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கும். இடவப்பாதி மழைக்காலம் முழுக்க ஈரக் காத்தில் இருந்த சாமானில் இது சகஜம். கிளிப்பை விரலால் இழுக்காதீங்க, ஒயர் அறுந்துடும். நுனி மெல்லிய மூக்குக் குறடால் கிளிப்பின் உலோகத்தைப் பிடிச்சுக் கழட்டணும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட காது குடையற பஞ்சால் பின்னைத் துடைங்க. கிளிப் தளர்ந்திருந்தா பல்குத்தும் குச்சியை உள்ளே விட்டு, மேலே குறடால் ஒரு பொடி அழுத்தம் கொடுங்க. குச்சி இல்லாம அழுத்தினா நசுங்கிப் போய் பின்னே நுழையாது. சால்டரிங் அயர்னை மட்டும் காட்ரிட்ஜில் இருக்கிற கிளிப் பக்கம் கொண்டு போகவே கூடாது. ஒரு செகண்ட் சூட்டில் உள்ளே காயில் ஒயர் விட்டுப்போகும்.

ஹெட்ஷெல் கழுத்தில் நாலு பொட்டு மாதிரி காண்டாக்ட் இருக்கும். அதையும் துடைங்க, ஆர்ம் பக்கம் இருக்கிற நாலு ஸ்ப்ரிங் பின்னையும் துடைங்க.

ஆர்மைத் தொட்டா குறையற ஹம்முக்கு மல்டிமீட்டரை ஓம்ஸில் வெச்சு, ஒரு புரோபை ஆர்ம் குழாயிலும் இன்னொண்ணை டர்ன்டேபிளின் ஏர்த் ஒயர் நுனியிலும் வைங்க. 1 ஓமுக்குக் கீழே காட்டணும். ஆர்மில் வார்னிஷ் மாதிரி பூச்சு இருந்தா புரோப் பிடிக்காது, ஹெட்ஷெல் திருகற வளையத்தில் வெச்சுப் பாருங்க. ஓப்பன்னு காட்டினா அடித்தட்டைத் திறந்து, பிவோட்டிலிருந்து (ஆர்ம் திரும்பற அச்சு) வர்ற கறுப்பு ஒயர் சால்டர் விட்டிருக்கான்னு தேடணும். மீட்டரில் சரியா இருந்தா ஏர்த் ஒயரின் கவட்டை லக்கைத்தான் சந்தேகப்படணும். அதை உப்புத்தாளில் லேசா உரசி, ப்ரீஆம்பின் ஏர்த் திருகுக்கு அடியில் இறுக்குங்க. பல பேர் அந்த ஒயரைக் கம்ப்யூட்டர் கேபினெட்டில் கட்டறாங்க, தப்பு. ப்ரீஆம்பைத் தவிர வேற எங்கயும் போகக்கூடாது.

அப்புறம் அடாப்டர். டிரான்ஸ்பார்மர் டைப்புன்னா அது சுத்தமான கரண்ட் தரும், ஆனா அதைச் சுத்திக் காந்தப்புலம் உண்டு. அந்தப் புலம் தூரத்தின் கனத்தில் குறையும்: 10 சென்டிமீட்டரை 20 ஆக்கினா எட்டில் ஒரு பங்கு, 18 டெசிபெல் லாபம். காசே இல்லாத வைத்தியம். மோட்டாரை நிறுத்திட்டு ஆர்மைக் கையில் பிடிச்சு, ஹெட்ஃபோனில் கேட்டுக்கிட்டே தட்டின் ஓரத்திலிருந்து நடு வரைக்கும் முள்ளைத் தொடாமல் நகர்த்துங்க. நகர நகர ஹம் ஏறி இறங்கினா அது காந்தம், ஏர்த் இல்லை. அப்போ அடாப்டரை ஒரு மீட்டர் தள்ளுங்க. ஆம்ப்ளிஃபயர் மேலே டர்ன்டேபிளை வெக்கற பழக்கம் இருந்தா அதையும் விடுங்க.

---

கொழிஞ்சாம்பாறை_தட்டு:

ரொம்ப நன்றிங்க. வரிசையாப் பார்த்தேன். எல்லாம் அதே கெயினில்.

இன்டர்ஃபேஸ் மட்டும், ஷார்ட்டிங் பிளக்: மைனஸ் 88.
ப்ரீஆம்ப் சேர்த்து, சார்ஜரும் ஆம்ப்ளிஃபயரும் இணைப்பில்: மைனஸ் 44. ஸ்பெக்ட்ரம் சீப்புப் பல்.
ஆம்ப்ளிஃபயர் ஒயர் கழட்டினதும்: மைனஸ் 62.
சார்ஜரும் கழட்டி, பேட்டரியில்: மைனஸ் 76.
டர்ன்டேபிள் சேர்த்து, பேட்டரியிலேயே: இடது மைனஸ் 61, வலது மைனஸ் 55. 50-ல் ஒத்தைக் கொம்பு.

ஆர்.சி.ஏ. மாத்தினதும் ஹம் இடதுக்குத் தாவுச்சு. நகரி அண்ணா சொன்ன பச்சை ஒயர்தான், கிளிப் உள்ளே கறுத்திருந்துச்சு. துடைச்சதும் ரெண்டு சேனலும் மைனஸ் 61. ஏர்த் லக்கை உரசி இறுக்கினதும் மைனஸ் 65. அடாப்டர் டர்ன்டேபிளுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் இருந்துச்சு, எக்ஸ்டென்ஷன் போட்டு அலமாரிக்கு அந்தப் பக்கம் தள்ளினேன்: மைனஸ் 71.

ரெண்டு கேள்வி. இது போதுமா? சார்ஜர் போட்டா திரும்ப 62-க்கு ஏறுது, அதுக்கு என்ன வழி? போர்வெல் கேசிங் பைப்பிலிருந்து ஒரு ஒயர் இழுத்து டர்ன்டேபிளுக்குத் தனி ஏர்த் கொடுத்தா ஆகுமான்னும் வயர்மேன் கேக்கறார்.

---

செங்கோட்டை_வயரிங்:

அந்தக் கேசிங் பைப் யோசனையை அங்கேயே நிறுத்துங்க. ஒரே வீட்டில் ரெண்டு ஏர்த் குழி, ரெண்டும் தனித்தனி ஒயரில் என்றால் அந்த இரண்டுக்கும் நடுவே எப்போதும் கொஞ்சம் வோல்டேஜ் இருக்கும். மழைக்காலத்தில் ஒன்று, கோடையில் வேறு. அந்த வோல்டேஜ் உங்கள் ஆர்.சி.ஏ. ஷீல்டு வழியாகத்தான் சமன் ஆகும். அதோடு பம்ப்செட்டில் கசிவு வந்தாலோ இடி இறங்கினாலோ கேசிங் பைப்பில் ஏறும் கரண்ட் நேராக உங்கள் டோன் ஆர்முக்கு வரும். அதை நீங்கள் விரலால் பிடித்திருப்பீர்கள். ஹம்முக்கு ஏர்த் நல்லதா மோசமா என்பது இரண்டாம் பட்சம், எல்லாச் சாமானும் ஒரே புள்ளியில் சேர வேண்டும் என்பதுதான் முதல். அதனால் லேப்டாப், ப்ரீஆம்ப், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில், ஒரே சுவர் பிளக்கில் போடுங்கள். மொத்தம் 300 வாட்கூட வராது, 6 ஆம்ப் பாயிண்ட் தாராளம்.

ஏர்த் பின் வெட்டுவது பற்றி: சார்ஜருக்குள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் ஏர்த்துக்கு, பிரைமரியிலிருந்து செகண்டரிக்கு என்று சின்னக் கண்டென்சர்கள் இருக்கும், 2.2 நானோஃபாரட் போல. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஒன்றின் வழியாக 0.16 மில்லிஆம்ப் வரை கசியும். ஏர்த் இருந்தால் அது ஏர்த்துக்குப் போகும். வெட்டினால் லேப்டாப்பின் உலோக உடம்பில் ஏறி நிற்கும். தடவினால் 'ஜிவ்வு' என்று இருக்குமே, அதுதான். பிறகு அது போக வழி தேடி ஆர்.சி.ஏ. ஷீல்டைப் பிடிக்கும். சில வீடுகளில் வெட்டியதும் ஹம் குறைந்து ஸ்ர்ர்ர் கூடுவது இதனால்தான். ஒரு நாள் சார்ஜருக்குள் இன்சுலேஷன் போனால் 30 மில்லிஆம்ப் ஈ.எல்.சி.பி. (கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆக ஏர்த் வழி இருக்காது. ஆள் தொட்டால்தான் ட்ரிப் ஆகும்.

உங்கள் பிளக்கில் ஏர்த் உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டர் ஏ.சி. 750 வோல்ட் ரேஞ்சில் ஃபேஸ்–நியூட்ரல் 230 என்றால் ஃபேஸ்–ஏர்த்தும் ஏறக்குறைய அதே வர வேண்டும். நியூட்ரல்–ஏர்த் 2, 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 10-க்கு மேல் நின்றாலோ ஃபேஸ்–ஏர்த் 100, 120 என்று ஊசலாடினாலோ ஏர்த் ஒயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது அல்லது குழி காய்ந்திருக்கிறது. மார்ச், ஏப்ரலில் உங்கள் பக்கத்துக் கரிசல் வெடித்துக் கிடக்கும்போது குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அடுத்த நாள் மறுபடி அளந்து பாருங்கள். அதைச் சரி செய்வது லைசென்ஸ் உள்ள வயர்மேன் வேலை. பின் வெட்டச் சொல்கிறவரை விட்டு வேறொருவரைக் கூப்பிடுவது நல்லது.

சார்ஜர் போட்டே தீர வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று யூ.எஸ்.பி. ஐசோலேட்டர், அதாவது லேப்டாப்புக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே நேரடி மின்தொடர்பை அறுக்கும் பெட்டி. சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல ஏ.டி.யூ.எம். 4160 சிப் வைத்தவை. அது 12 மெகாபிட் வேகம் வரைதான். 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கு 4.6 மெகாபிட் போதும், கணக்குப்படி இடம் உண்டு. ஆனால் உங்கள் இன்டர்ஃபேஸே 480 மெகாபிட் வேகத்தில்தான் பேசும் என்றால் லேப்டாப் அதை அடையாளமே காணாது. வாங்கும் முன் இதைக் கேளுங்கள். இன்னொன்று, ப்ரீஆம்புக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே 10 கிலோஓமுக்கு 10 கிலோஓம் லைன் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர். கார் ஸ்டீரியோ கடையில் 'கிரவுண்டு லூப் ஐசோலேட்டர்' என்று தரும் சின்னப் பெட்டியில் 600 ஓம் டிரான்ஸ்பார்மர் இருக்கும். தவில், மிருதங்கத்தின் தொப்பி அடி வரும் இடத்தில் அதன் இரும்புக் கோர் காந்தத்தால் நிரம்பி ஒலி கரகரக்கும். டர்ன்டேபிளுக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவில் எந்த டிரான்ஸ்பார்மரும் வேண்டாம்.

---

களியக்காவிளை_ஓம்:

வயரிங் சார் சொன்ன ரெண்டு வழியும் சரிதான். ஆனா எனக்கென்னமோ ரெண்டும் தேவையில்லைன்னு படுது. எல்.பி.யின் ஒரு பக்கம் 20, 25 நிமிஷம். ஓரளவு நல்ல பேட்டரின்னா ரெண்டு பக்கம் தாங்கும். ரெக்கார்ட் பண்ணும்போது பிடுங்குங்க, தட்டைத் துடைக்கும்போது செருகுங்க. 

மைனஸ் 71 போதுமான்னு கேட்டீங்க. முள்ளைத் தட்டின் ஆரம்ப வெற்றுப் பள்ளத்தில் வெச்சு அளவைப் பாருங்க. நல்ல தட்டிலேயே மைனஸ் 50, 55-ல் சரசரப்பு இருக்கும். நம்ம பழைய தட்டில் 45. ஹம் அதுக்கு 26 டெசிபெல் கீழே போயாச்சு. இதுக்கு மேலே துரத்தறது நேர விரயம்.

ரெக்கார்ட் பண்ற அறையில் ஃபேன் ரெகுலேட்டரை ஒரு தடவை பாருங்க. படிப்படியா 'டக் டக்'னு திரும்பற கண்டென்சர் டைப்பு பிரச்சினை பண்ணாது. வழவழன்னு சுத்தற டைப்பு டிரையாக் (எலக்ட்ரானிக் சுவிட்ச்) வெச்சது, நடு வேகத்தில்தான் ஸ்ர்ர்ர் அதிகம். அதை ஃபுல்லில் வைங்க, இல்லேன்னா நிறுத்துங்க. கரண்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது ரெக்கார்ட் பண்ணவே வேண்டாம். மொபைலையும் ஒரு ரெண்டு மீட்டர் தள்ளி வைங்க.

---

குமுளி_பெட்டிபாட்டு:

இடையில் நுழையறேன், மன்னிக்கணும். என்கிட்ட டர்ன்டேபிள் இல்லை, சூட்கேஸ் மாதிரி மூடற பழைய வால்வு ப்ளேயர்தான். ஸ்பீக்கர் ஒயரிலிருந்து லேப்டாப்புக்கு எடுக்கலாமா? அதிலும் ஹம் பலமா இருக்கு.

---

நகரி_சால்டர்:

அய்யா, ஒயரை இணைக்கறதுக்கு முன்னாடி நிறுத்துங்க. பழைய வால்வுப் பெட்டிகளில் சிலதில் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரே கிடையாது. யு.சி.எல். 82 மாதிரி 'யு'வில் ஆரம்பிக்கற வால்வு இருந்தா, ஹீட்டர்கள் வரிசையா நேரா கரண்டில் ஓடுது, சேஸிஸ் (உள் உலோகச் சட்டம்) மெயின்ஸின் ஒரு ஒயரிலேயே நிக்குதுன்னு அர்த்தம். பிளக்கைத் திருப்பிச் செருகினா சேஸிஸில் 230 வோல்ட். அதை லேப்டாப்போட இணைச்சா லேப்டாப்பும் போகும், ஆளும் போகலாம். 'ஈ'யில் ஆரம்பிக்கற வால்வு, உள்ளே பெரிய டிரான்ஸ்பார்மர்னா பயம் குறைவு. அப்பவும் பிளக்கைப் பிடுங்கிட்டு, பிளக் பின்னுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்க. ரெண்டு பின்னுக்கும், சுவிட்ச் ஆன் நிலையில், ஓப்பன்னு காட்டணும்.

பாதுகாப்பான வழி அந்த ஆம்ப்ளிஃபயரையே விட்டுடறது. அதில் இருக்கறது செராமிக் காட்ரிட்ஜா இருக்கும். அது கால் வோல்ட், அரை வோல்ட் தரும், போனோ ப்ரீஆம்பே வேண்டாம். ஆனா அதுக்கு 1 மெகாஓம் லோடு கேக்கும். சாதா லைன் இன்புட்டில் போட்டா பேஸ் சுத்தமாப் போயிடும். இன்டர்ஃபேஸில் கிட்டார் படம் போட்ட 'இன்ஸ்ட்ருமென்ட்' இன்புட் இருந்தா அது 1 மெகாஓம், அப்படியே பொருந்தும். காட்ரிட்ஜ் ஒயர் ரெண்டையும் உள் ஆம்ப்ளிஃபயரிலிருந்து முழுசா விடுவிச்சு, ஒரு மீட்டருக்குள் ஷீல்டு ஒயரில் வெளியே எடுங்க. ஆனா தட்டைச் சுத்தற மோட்டார் அதே பெட்டியில்தான் மெயின்ஸில் ஓடுது. அதனால் எடுத்த ஒயருக்கும் சேஸிஸுக்கும் தொடர்பு துளியும் இல்லைன்னு மீட்டர் வெச்சு உறுதி பண்ணாம செருகக்கூடாது. ஆர்ம் உலோகமா இருந்து சேஸிஸில் கட்டியிருந்தா, அந்தப் பெட்டியை அலமாரியில் அழகுக்கு வெச்சுட்டு தட்டை வேற டர்ன்டேபிளில் ஓட்டுங்க. பழைய செராமிக் முள்ளின் பாரம் எல்.பி.க்கும் நல்லதில்லை.

---

கொழிஞ்சாம்பாறை_தட்டு:

பேட்டரியிலேயே ஓட்டறேன், பத்துத் தட்டு முடிஞ்சுது. ஒரு எல்.பி.யில் மட்டும் ஹம் திரும்ப வருதுங்க. முள்ளைத் தூக்கினா இல்லை, பள்ளத்தில் வெச்சா மைனஸ் 48. ரெண்டு பாட்டுக்கு நடு இடைவெளியில் தெரியறதில்லை, பாட்டு ஆரம்பிக்கறதுக்கு அரை செகண்ட் முன்னாடி 'ம்ம்'னு எழும்புது. ஏர்த் திரும்ப விட்டுப்போச்சோ?

---

களியக்காவிளை_ஓம்:

உங்க ஏர்த் நல்லாத்தான் இருக்கு. பாட்டோட எழும்பி பாட்டோட அடங்கற ஹம் ஸ்டுடியோ டேப்பிலேயே பதிஞ்சது. உறுதி பண்ண ஒரு வேலை: அதே இடத்தை 45 வேகத்தில் ஓட்டி ஸ்பெக்ட்ரம் பாருங்க. கொம்பு 67.5 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்தா தட்டுக்குள்ளே இருக்கிற ஹம். 50-லேயே நின்னா மட்டும் டர்ன்டேபிளைச் சந்தேகப்படுங்க.

தட்டுக்குள்ளே இருக்குன்னு ஆச்சுன்னா அதுக்கு மட்டும் ஆடசிட்டி. முதலில் அசல் ஃபைலை 24 பிட்டில் தனியா எடுத்து வைங்க. ஒரு குறுகின இடத்தை மட்டும் வெட்டற நாட்ச் ஃபில்டர் திறந்தா அதில் 60 ஹெர்ட்ஸ், கியூ 1-னு போட்டிருக்கும். கியூ கூடக் கூட வெட்டு குறுகும். அப்படியே ஓகே கொடுத்தா நம்ம ஹம் முழுசாப் போகாது, பேஸ் நிறையப் போயிடும். ஸ்பெக்ட்ரத்தில் கொம்பு நிக்கற சரியான இடத்தை எழுதுங்க. உங்க டர்ன்டேபிள் ஒரு சதவீதம் வேகமா ஓடினா அது 50.5-ல் இருக்கும். கியூ 20 வைங்க, ரெண்டரை ஹெர்ட்ஸ் அகலம்தான் வெட்டும். 100-லும் 150-லும் கொம்பு தெரிஞ்சா அங்கேயும் ஒவ்வொரு தடவை. அதுக்கு மேலே போகாதீங்க, பாடறவங்க குரல் அங்கேதான் ஆரம்பிக்குது.

நாய்ஸ் ரிடக்‌ஷனை இதுக்குப் போடாதீங்க. இடைவெளியில் ஹம் இல்லாததால் அதுக்குக் காட்ட ஹம் மட்டும் இருக்கிற சாம்பிள் கிடைக்காது. பாட்டுக்கு முன்னால் இருக்கிற அந்த அரை செகண்டைக் காட்டினா தம்பூராவையும் சேர்த்துத் தின்னுடும்.